கருவியினுள் ஒளித்த கண்டனம்

2022ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி ருஷ்யப் படைகள் உக்ரேனினுட் புகுந்தன. இரண்டு வாரங்கள் கழியுமுன்னரே, போர்க்களத்துக்கு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அமெரிக்காவிலுள்ள ஒரு நிரலாளர் தமது மேசையிலிருந்தவாறே அப்போரிற் பங்குகொண்டார். அவர் துப்பாக்கி ஏந்தவில்லை, துண்டுப்பிரசுரம் அச்சிடவில்லை, ஊர்வலஞ் செல்லவுமில்லை. தாம் எழுதி, உலகத்தார் யாவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு விட்டிருந்த ஒரு சிறு மென்பொருட் பொதியினுள் மேலும் சில வரிகளைச் சேர்த்தார். அவ்வளவே.

இக்காலத்து மென்பொருள் எதுவும் ஒருவர் கையால் முழுமையாக ஆக்கப்படுவதன்று. வீடு கட்டுபவன் கல்லையும் ஓட்டையும் தானே சுடுவதில்லை, சூளையில் வாங்குகிறான். நிரலாளரும் அவ்வாறே, முன்பின் கண்டறியாத பிறர் எழுதி வைத்த நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான, சிறு பொதிகளை இணையத்திலுள்ள பொதுக் களஞ்சியங்களிலிருந்து எடுத்தே தமது வேலையை அமைக்கின்றனர். நாம் குறிப்பிட்ட பொதியின் பெயர் நோட்-ஐ.பி.சி. செய்நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாற உதவுவது அதன் தொழில். வாரந்தோறும் பத்து லட்சந் தடவையளவில் அது இறக்கப்பட்டு வந்தது. இறக்கியவர்களுட் பெரும்பாலோர் அதன் பெயரையே அறிந்திருக்கமாட்டார். வேறு பெரிய பொதிகளின் வயிற்றினுள் அடங்கி அது அவர்களிடம் வந்து சேர்ந்தது.

புதிதாகச் சேர்க்கப்பட்ட வரிகள் செய்தது இதுதான்: தாம் இயங்கும் கணினி எந்நாட்டில் இருக்கிறது என்பதை அதன் இணைய முகவரியைக் கொண்டு விசாரித்தன. ருஷ்யா அல்லது பெலாருஸ் என்று விடை வந்தால், அக்கணினியிலுள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தை அழித்து, அவ்விடத்தில் ஓர் இருதயக் குறியை எழுதின. வாசிப்பவர் எளிதிற் கண்டுகொள்ளாதவாறு அவ்வரிகள் உருமாற்றி மறைக்கப்பட்டும் இருந்தன. விரைவிலேயே அந்தப் பதிப்பு மீளப்பெறப்பட்டது. அதன்பின் அவர், பயனாளரின் கணினி முகப்பில் ஒரு சமாதானச் செய்தியை வைத்துவிட்டுப் போகும் வேறொரு பொதியை அதனோடு பிணைத்தார். அச்செய்திக் கோப்பின் பெயர் 'அமெரிக்காவிலிருந்து அன்புடன்' என்பது. வியட்நாமையும் ஈராக்கையும் அறிந்த எவருக்கும் இப்பெயரைப் படிக்கும்போது ஒரு கசப்பான புன்னகை தோன்றாமற் போகாது. ஆயினும் அது வேறு கதை.

கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றிற் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையின்போது இச்சம்பவத்தை எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு, "சேர், அந்தாள் சண்டையை எதிர்த்துத்தானே செய்தார்? அதில என்ன பிழை?" என்று கேட்டார். உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. வகுப்பறையிலே ஆக்கிரமிப்புப் போர்களைக் கண்டித்துப் பேசிய ஆசிரியனிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. எழுந்தமானமாக 'பிழைதான்' என்றோ 'சரிதான்' என்றோ சொல்லித் தப்பிவிடவும் மனம் ஒப்பவில்லை.

எளிதான விடைகள் இரண்டு கைவசம் உள்ளன. முதலாவது, கருவிக்கு அரசியல் இல்லை, தொழில் செய்யுமிடத்திற் கட்சி பேசலாகாது என்பது. முதலாளிமார் விரும்பிக் கூறும் விடை இது. அதனாலேயே இது பொய் என்று தள்ளிவிட முடியாது. உண்மை நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

உலக நிரலாளரின் பொதுச் சந்தையாக விளங்கும் கிற்ஹப் தளத்தை 2018இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் 750 கோடி டொலருக்கு வாங்கியது. மேலே கூறிய பொதி தங்கியிருந்த என்.பி.எம். களஞ்சியம் 2020இல் கிற்ஹப்பின் கைக்கு வந்தது. ஆகவே உலகின் பொதுக் களஞ்சியம் எனப்படுவது சட்டப்படி ஓர் அமெரிக்கக் கொம்பனியின் உடைமை. 2019 ஜூலையில், அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடைச் சட்டத்தைக் காட்டி, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த நிரலாளரின் கணக்குகள் முடக்கப்பட்டன. தெஹ்ரானில் இருந்து படிக்கும் மாணவன் தான் எழுதியதையே தான் அணுகமுடியாத நிலை தோன்றிற்று. வாஷிங்டனிடமிருந்து விசேட அனுமதி கிடைத்த பின்னரே, 2021 ஜனவரியில், ஈரானியருக்குக் கதவு திறந்தது. 2024 ஒக்டோபரில், லினக்ஸ் இயங்குதளக் கருவின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ருஷ்யத் தொடர்புடைய பத்துப் பேரளவினரின் பெயர்கள் சட்டத் தேவைகளைக் காரணங்காட்டி நீக்கப்பட்டன. இவையெல்லாம் 'நிருவாக ஒழுங்கு' என்ற பெயரில் நிகழ்வன. அரசும் கொம்பனியும் செய்தால் ஒழுங்கு. உழைப்பவன் செய்தால் அரசியல். கருவிக்கு அரசியல் இல்லை என்பவர்கள் இந்த வேறுபாட்டை எங்ஙனம் நியாயப்படுத்துவர் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதே களத்தில் உழைப்பவரின் குரல் மேன்மையாக ஒலித்த சந்தர்ப்பங்களும் உள. அவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். சீனத்து மென்பொருள் நிறுவனங்களிற் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாள், வேலை வாங்கும் வழக்கம் பரவியிருந்தது. வாரத்துக்கு 72 மணித்தியாலம்! எட்டு மணித்தியால வேலைநாளுக்காகச் சிக்காகோத் தொழிலாளர் இரத்தஞ் சிந்தி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னர், செங்கொடி பறக்கும் நாட்டில் இந்நிலை. அந்நாட்டுச் சட்டமே நாளொன்றுக்கு 8 மணித்தியாலமும் வாரத்துக்குச் சராசரி 44 மணித்தியாலமும் என வரையறுத்திருந்தது. 2019 மார்ச்சில், சீன நிரலாளர் சிலர் கிற்ஹப்பில் '996.ஐ.சி.யூ.' என்ற பெயரில் ஓர் ஏட்டைத் திறந்தனர். 996 என்ற முறையில் உழைத்தால் வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவிற் போய்ச் சேர்வாய் என்பதே அப்பெயரின் பொருள். அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளும் நிறுவனங்களின் பட்டியல் அதிலே திரட்டப்பட்டது. சில வாரங்களுள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அதற்கு ஆதரவுக் குறி இட்டனர். தொழிலாளர் சட்டத்தை மதிக்காத நிறுவனம் எமது மென்பொருளைப் பயன்படுத்தலாகாது என்று கூறும் ஓர் உரிமப் பத்திரத்தையும் அவர்கள் எழுதினர். சீன நிறுவனங்களின் இணைய உலாவிகள் சில அப்பக்கத்தை மறித்தன. அப்போது அமெரிக்காவில், மைக்ரோசொப்ற் ஊழியர் பலர், அந்த ஏட்டைத் தம் நிறுவனம் எந்த வற்புறுத்தலுக்கும் பணிந்து நீக்கலாகாது என்று கையொப்பமிட்டுக் கடிதம் வெளியிட்டனர். கடல் கடந்து ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குக் கைகொடுத்த காட்சி அது. 2021 ஓகஸ்டில் சீன உச்ச நீதிமன்றம் அவ்வேலை முறை சட்டவிரோதமானதென எடுத்துரைத்தது.

தொழிற்களத்தில் அரசியல் வேண்டாம் என்று கூறுவது இந்நிரலாளரையும் வாய்பொத்தி இருக்கச் சொல்வதாகும். அவ்விடையை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது எளிய விடை இதற்கு நேர்மாறானது. இலட்சியம் நியாயமானதாயின் வழியைப் பற்றி விசாரிக்க வேண்டியதில்லை என்பது அது. எம்மவரிடையே இதற்குச் செல்வாக்கு மிகுதி. உக்ரேனியர் மீது குண்டு விழும்போது ருஷ்யாவில் ஒருவனுடைய கோப்புகள் அழிந்தால் என்ன என்று கேட்பது உணர்ச்சிக்கு உகந்ததாகத் தோன்றும்.

என் சிறுபிராயத்து நினைவொன்று இங்கே குறுக்கிடுகிறது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். தந்தையாருடன் கொழும்புக்குப் பயணஞ் செய்கையில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் பேருந்திலிருந்து இறக்கினர். அடையாள அட்டைகள் வாங்கிப் பார்க்கப்பட்டன. அட்டையிற் பிறந்த இடம் எழுதப்பட்டிருக்கும். சிலரை உடனே ஏறச் சொன்னார்கள். சிலரை ஒருபுறமாக நிறுத்தினார்கள். தந்தையார் நிறுத்தப்பட்டார். அவர் ஓர் எழுதுவினைஞர். எந்தக் கட்சியின் பக்கமும் தலைவைத்துப் படுத்தவரல்லர். நீ என்ன செய்தாய் என்று எவரும் அவரைக் கேட்கவில்லை. நீ எங்கே பிறந்தாய் என்பது மட்டுமே கேள்வி. அதற்கான விடையும் அட்டையிலேயே இருந்தது. இரண்டு மணித்தியாலத்தின் பின் விட்டார்கள். பேருந்து போய்விட்டது. அப்பெருவெளியில், வெயிலில், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை நான் மறக்கவில்லை.

நோட்-ஐ.பி.சி. பொதியினுள் எழுதப்பட்ட வரிகளும் அதே கேள்வியைத்தான் கேட்டன. நீ எங்கே இருக்கிறாய்? நீ போரை ஆதரித்தாயா, எதிர்த்தாயா என்று ஒரு நிரலினாற் கேட்க முடியாது. முகவரி ஒன்றே அதற்குத் தெரியும். பெலாருஸ் நாட்டை எடுத்துக்கொள்வோம். 2020 ஓகஸ்டில், தேர்தல் மோசடிக்கு எதிராக லட்சக்கணக்கான மக்கள் தெருவிலிறங்கிய நாடு அது, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். 2022 ஜனவரியில் 'சைபர் பார்ட்டிசான்கள்' என்னும் குழுவினர் அந்நாட்டு ரயில்வேயின் கணினிகளை முடக்கி, ருஷ்யப் படைகள் வெளியேறவேண்டும், நோயுற்ற அரசியற் கைதிகள் 50 பேர் விடுவிக்கப்படவேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தனர். படையெடுப்புத் தொடங்கிய பின்னர், படைக்கலன்களை ஏற்றிச் செல்லும் ரயில்களைத் தாமதப்படுத்தும் நோக்குடன் பெலாருஸ் மக்கள் சிலர் தண்டவாளத்தருகேயுள்ள சமிக்ஞைப் பெட்டிகளை எரித்தனர். அவர்களுள் மூவருக்கு அவ்வாண்டு டிசம்பரில் 20 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அத்தகைய ஒருவரின் மேசையில் இருந்த கணினியும் அந்நிரலின் கண்ணுக்குப் பகைவனின் கணினியே. போரை நடத்தும் தளபதியின் கணினியோ எனில், அது அப்பொதியை இறக்கியிருக்கும் என்று கருத இடமில்லை.

எதிர்ப்பு என்பதே நாசவேலை என்றோ, நாசவேலை எப்போதும் தகாதது என்றோ நான் கூறவரவில்லை. ரயிற் சமிக்ஞையை எரித்தவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் எதை நிறுத்த முயன்றனர் என்பது தெளிவு. அதன் விலையைத் தம் உடலாலேயே செலுத்தினர் என்பதும் தெளிவு.

தொழிலாளர் வரலாற்றில் இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 1920 மே மாதத்தில், இலண்டன் துறைமுகத் தொழிலாளர், சோவியத் ருஷ்யாவுக்கு எதிராகப் போலந்துக்கு அனுப்பப்படவிருந்த ஆயுதங்கள் இருந்த ஜொலி ஜோர்ஜ் என்ற கப்பலுக்குச் சரக்கேற்ற மறுத்தனர். ஆயுதங்கள் கப்பலிலிருந்து இறக்கப்பட்டன. 1974இல் ஸ்கொட்லாந்தின் ஈஸ்ற் கில்பிரைட் நகரிலுள்ள ரோல்ஸ் ரோய்ஸ் தொழிற்சாலைக்குச் சிலி நாட்டு விமானப் படையின் ஹோக்கர் ஹன்ரர் விமான இயந்திரங்கள் திருத்த வேலைக்காக வந்திருந்தன. முந்திய ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி அயெண்டேயின் மாளிகையின்மேற் குண்டு பொழிந்தவை அவ்வகை விமானங்களே. தொழிலாளர் அவற்றைத் தொட மறுத்தனர். நான்கு ஆண்டுகள் அவ்வியந்திரங்கள் வெளியிற் கிடந்து துருவேறின.

அத்தொழிலாளர் இயந்திரத்தைத் திருத்துவதாகப் பாசாங்கு செய்து, உள்ளே ஓர் ஆணியை ஒளித்து வைத்து அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வாறு செய்திருப்பின் அடுத்த நாளிலிருந்து அவர்கள் திருத்திய எந்த இயந்திரத்தையும், பயணிகள் விமானத்தினுடையதைக்கூட, எவரும் நம்பியிரார். தமது கையைத் தாம் மடக்கிக்கொண்டனர். முகத்தை மறைக்கவில்லை. தனித்தும் நிற்கவில்லை. மென்பொருள் உலகிலும் இதற்கு ஒத்தது நடந்துள்ளது. 2019 செப்டெம்பரில், அமெரிக்கக் குடிவரவு அமுலாக்கத் துறையோடு செவ் என்ற நிறுவனம் ஒப்பந்தஞ் செய்திருந்தது தெரியவந்தபோது, அந்நிறுவனத்தின் மென்பொருளோடு தொடர்புடைய பொதியொன்றை எழுதியவர் தமது ஆக்கத்தைக் களஞ்சியத்திலிருந்து பகிரங்கமாக நீக்கிக்கொண்டார். சில நாட்களில், அவ்வொப்பந்தம் காலாவதியானபின் புதுப்பிக்கப்படமாட்டாது என நிறுவனம் அறிவித்தது. அவர் எவருடைய கோப்பையும் அழிக்கவில்லை. தாம் கொடுத்ததைத் திருப்பி எடுத்தார்.

வெறும் செய்தியை மட்டும் சேர்த்தவர்களைப் பற்றி என்ன கூறுவது? இவ்விடத்தில் என் மனம் அவ்வளவு உறுதியாக இல்லை. 2022 மார்ச்சில் ஈ.எஸ்.5-எக்ஸ்ற் என்ற பொதி, ருஷ்ய நேர வலயத்திலுள்ள கணினியில் நிறுவப்படும்போது, போரைப் பற்றிய ஒரு வேண்டுகோளைத் திரையிற் காட்டியது. அதே மாதம் 4ஆம் திகதி ருஷ்யாவில், படைகளைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவோருக்கு 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் வந்தது. பேஸ்புக் போன்ற தளங்கள் மறிக்கப்பட்டன. எல்லாச் சாளரங்களும் அடைபடும் வீட்டில், கதவின் கீழாக ஒரு கடதாசித் துண்டைத் தள்ளுவது குற்றமாகுமா? ஆகாது என்றே எண்ணுகிறேன். அதைப் படிப்பவர் நிரலாளர். படித்துவிட்டு அவர் தம் வேலையைத் தொடரலாம். அவருடைய உடைமை எதுவும் கெடவில்லை.

ஆயின் அதே மாதத்தில் இன்னொரு பொதி ஒரு படி மேலே சென்றது. அப்பொதியைத் தன்னுள்ளே கொண்ட எந்த இணையப் பக்கத்துக்கும் ருஷ்யாவிலிருந்து வரும் சாதாரண மக்களுக்கு அது செய்தி காட்டிற்று. அப்பக்கத்தின் சொந்தக்காரர் யார்? கசானில் ஒரு புத்தகக் கடைக்காரராக இருக்கலாம். தம் கடையின் முகப்பிற் போரெதிர்ப்புச் சுலோகம் தோன்றுவதை அவர் அறியார். புதிய சட்டத்தின்படி பொலிசார் வந்தால் அவரிடமே வருவர். பாதுகாப்பான தேசத்தில் இருந்து எழுதியவரிடம் வரமாட்டார். அயலவன் மதிலில் இரவில் ஒட்டிவிட்டுப் போன சுவரொட்டி போன்றது இது. துணிவு ஒருவருடையது, ஆபத்து வேறொருவருடையது என்றாகும்போது, செய்தி எத்துணை உண்மையானதாயினும் எனக்கு உடன்பாடில்லை.

நம்பிக்கையைப் பற்றி மேலே ஒரு சொல் கூறினேன். அதன் பொருளியற் பக்கம் பலராலும் கவனிக்கப்படவில்லை. அம்மாதத்தில் ருஷ்யாவின் பெரும் வங்கியான ஸ்பெர்பாங், மென்பொருள்களை இற்றைப்படுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்துமாறு மக்களுக்கு ஆலோசனை கூறியது. இற்றைப்படுத்தல் என்பது ஓட்டைகளை அடைக்கும் வேலை. அதை நிறுத்தினால் ஓட்டை திறந்தே கிடக்கும். பெரிய வங்கியிற் பொதிகளை வரிவரியாகப் பரிசோதிக்கச் சம்பளம் பெறும் பொறியியலாளர் உளர். கிராமத்துப் பாடசாலையிலும் சிறு வைத்தியசாலையிலும் யார் உளர்? ருஷ்யாவுக்கு மாத்திரம் உரிய நிலையன்று இது. ஒரு பொதி இன்று ஒரு நாட்டாருக்கு மாறாகத் திரும்புமாயின் நாளை எந்நாட்டாருக்கும் திரும்பலாம் என்று ஏழை நாட்டு நிரலாளர் அஞ்சுவது இயல்பு. அச்சம் பெருகினால் இலாபம் யாருக்கு? 'எங்களிடம் காசு கொடுத்து வாங்குங்கள், நாங்கள் உத்தரவாதம்' என்று காத்திருக்கும் பெருங் கொம்பனிகளுக்கே. உலக மனிதகுலம் கூலியின்றிக் கூடிக் கட்டிய பொதுச் சொத்து ஒன்று உண்டென்றால் அது இத்திறந்த மூல மென்பொருளே. எவர்க்கும், எப்பயனுக்கும் என்ற அதன் விதியை முன்னர் நான் தாராளவாதிகளின் பசப்பு என்று கருதியதுண்டு. இப்போது அவ்வளவு சுலபமாக அதை ஒதுக்க மாட்டேன்.

ஆனால், அந்த நிரலாளரை வெறும் குற்றவாளியாக நிறுத்திவிட்டு நகர்வதும் முறையன்று. 2022 ஜனவரியில், போருக்கு முன்னரே, கலர்ஸ், பேக்கர் என்ற இரு பிரபலமான பொதிகளை எழுதியவர் அவற்றைத் தாமே சிதைத்துவிட்டார். அவற்றைப் பயன்படுத்திய செய்நிரல்கள் சில 'விடுதலை, விடுதலை' என்ற ஆங்கிலச் சொல்லைத் திரையில் அச்சிட்டன. பெருங் கொம்பனிகளுக்கு இனிமேல் இலவசமாக உழைக்கமாட்டேன் என்று அவர் முன்னரே எழுதியிருந்தார். 2016 மார்ச்சில் வேறொருவர், கொம்பனியொன்றோடு ஏற்பட்ட பெயர்த் தகராற்றினால் மனங்கசந்து, 11 வரிகளே கொண்ட லெவ்ற்-பாட் என்ற பொதியை நீக்கியபோது உலகெங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள் வேலைகள் தடைப்பட்டன. பதினொரு வரிகள்! கோடீசுவர நிறுவனங்களின் மாளிகைகள் ஊதியமற்ற தனிமனிதர்களின் தோள்மீது நிற்கின்றன. அத்தனிமனிதருக்குச் சங்கமில்லை, பேரம் பேசும் மேசையில்லை, கூடி முடிவெடுக்கத் தோழர் இல்லை. அளவற்ற வலிமை அவர் விரல் நுனியில் உண்டு. அதைப் பயன்படுத்துவது எப்படி என்று கேட்க ஒருவருமில்லை. தனியாக ஓர் அறையில், செய்தித் திரையில் எரியும் நகரங்களைப் பார்த்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு அவர் முடிவெடுக்கிறார். ஈஸ்ற் கில்பிரைட்டுக்கும் இவ்வறைக்கும் உள்ள தூரம் அதுவே. அங்கு நாலு பேர் கூடிப் பேசியபோது, ஆணியை ஒளிப்போம் என்று ஒருவன் சொல்லியிருந்தாலும் மற்றவன் தடுத்திருப்பான்.

இவற்றுட் சிலவற்றை என் மாணவரிடமும் அன்று கூறினேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தமது அலுவலகத்தைப் பற்றிச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் புதிய வேலையொன்று வந்ததாம். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் வாகனங்களை அடையாளங் காணும் செய்நிரல். வாடிக்கையாளரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. வயல்வெளியிற் பயிர் பார்ப்பதற்கு என்று மேலாளர் கூறினாராம். பயிர் பார்ப்பதற்கு வாகனத்தின் வகையைப் பிரித்தறிய வேண்டிய தேவை என்ன என்று இவருக்குச் சந்தேகம். அந்நிரலில் ஒரு சிறு பிழையை வேண்டுமென்றே விட்டுவிடலாமா என்று இரண்டு இரவுகள் யோசித்ததாகவும் அவர் ஒப்புக்கொண்டார். கேள்வி எங்கிருந்து புறப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

விடுமுறை முடிந்து திரும்பிய பின்னர் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அவரும் உடன் வேலை செய்யும் நால்வரும் சேர்ந்து, அவ்வேலையின் வாடிக்கையாளர் யார், பயன்பாடு யாது என்பதை எழுத்து மூலம் அறிவிக்குமாறும், அறிவிக்கும்வரை தம்மை அவ்வேலையிலிருந்து விலக்கிவைக்குமாறும் கேட்டு ஐவரும் கையொப்பமிட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது கையொப்பத்தைப் பெற ஒரு கிழமை பிடித்ததாம். அவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் இருவர். கடிதம் எழுதிய நாள்வரை நிருவாகத்திடமிருந்து பதில் வரவில்லை.